பகடை விளையாட்டிலும் அரக்கர் குலமா?

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை. செம்பூரில் என் தங்கை வீட்டுக் கூடத்தில் கல்லூரிப் பிள்ளைகள் ஐந்து பேர் தரையில் வட்டமாக உட்கார்ந்து பகடை உருட்டிக்கொண்டிருந்தார்கள். பகடை என்றதும் தாயமோ சூதோ என்று எண்ண வேண்டாம். இருபது முகம் கொண்ட பகடை. பக்கத்தில் தடித்தடியாய் ஆங்கிலப் புத்தகங்கள். ஆளுக்கொரு தாளில் பென்சில் கணக்கு. நான் போன வேலை சங்கத்தின் ஆண்டுச் சந்தா வாங்குவது. சந்தா உடனே கிடைத்தது. ஆனால் வீடு திரும்ப இரவு பத்து மணி ஆகிவிட்டது. அந்தக் கூடத்தில் எழுந்த ஒரு வழக்கு அதற்குக் காரணம்.

விளையாட்டின் பெயர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். ஒருவர் கதை நடத்துவார்; மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதைக்குள் புகுவார்கள். "நான் கதவை உடைக்கிறேன்" என்று ஒருவன் சொன்னால், உடைந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். தெருக்கூத்துக்கும் தாயக்கட்டத்துக்கும் பிறந்த பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று கதை நடத்தியவள் பக்கத்துக் கட்டடத்து மராத்திப் பெண். கதையில் நம் வீரர்கள் ஒரு குகைக்குள் புகுந்து, ஓர்க் என்னும் இனத்துக் காவலர்களை வென்றுவிட்டார்கள். குகையின் கோடியில் போய்ப் பார்த்தால், ஆறேழு ஓர்க் குழந்தைகளும் ஒரு கிழவியும்!

இனி என்ன செய்வது? கூட்டத்தில் ஒருவன், கெட்டிக்காரப் பையன்தான், சற்றும் தயங்காமல், "கொன்றுவிடுவோம். இவர்கள் தீயவர்கள் என்று புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. விட்டால் வளர்ந்து வந்து ஊரை எரிப்பார்கள்" என்றான். என் தங்கை மகன் மாட்டேன் என்றான். பேச்சு முற்றியது. கடைசியில், "மாமா, ஊர் நியாயமெல்லாம் பேசுவீங்களே, இதுக்கு நியாயம் சொல்லுங்க" என்று என் பக்கம் திருப்பிவிட்டான்.

அங்கே நான் சொன்னது அரைகுறை. அந்தப் புத்தகங்களை இரவல் வாங்கிப் படித்து, அவை வந்த வழியையும் தேடிப் பார்த்த பிறகு எழுதுவது இது. வாடகை, ரேஷன் அட்டை, தமிழ் வகுப்பு என்று ஆயிரம் வழக்கு இருக்கையில் சங்கப் பத்திரிகையில் பிள்ளை விளையாட்டுக்கு ஏன் இடம் என்று கேட்கும் பெரியவர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். அந்தக் குகை நமக்கு அன்னியமான இடம் அன்று.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் ஜெனீவா ஏரி என்றொரு சிற்றூர். அங்கே 1974-ஆம் ஆண்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் இந்த விளையாட்டை வெளியிட்டார்கள். ஒவ்வொரு பாத்திரமும் எந்தப் பக்கம் நிற்பது என்பதற்கு அதில் ஒரு முத்திரை உண்டு. அலைன்மென்ட் என்று அதற்குப் பெயர். முதலில் ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என்று மூன்றே முத்திரைகள். சில ஆண்டுகளில் நன்மை, தீமை என்ற கோட்டையும் குறுக்கே இழுத்து ஒன்பது கட்டம் ஆக்கினார்கள். மனிதப் பாத்திரம் ஏற்பவன் இவற்றுள் தனக்கு வேண்டியதைத் தேர்ந்துகொள்ளலாம். அதில் தவறு காண என்னால் இயலவில்லை. தன் பாத்திரம் நல்லவனா கெட்டவனா என்று யோசித்துவிட்டு மேடையேறுவது நடிகனுக்கு அழகுதான். தவறு அடுத்த அடியில் இருக்கிறது. 1977-இல் வந்த பிராணிகள் புத்தகத்தில், எதிரே வரும் இனங்களுக்கு இனத்தோடு சேர்த்தே முத்திரை குத்திவிட்டார்கள். ஓர்க்கா, தீயது. கோப்ளினா, தீயது. அவன் என்ன செய்தான் என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை.

1978-இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில் இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன. ஒன்று, எந்த இனம் எந்த இனத்தை விரும்பும், எதைப் பொறுக்கும், எதை வெறுக்கும் என்பதைக் கட்டம் போட்டு எழுத்தால் குறித்த பட்டியல். மற்றொன்று, எந்த இனத்தவன் எந்தத் தொழிலில் எத்தனை படி ஏறலாம் என்ற பட்டியல். மனிதனுக்கு இனத்தைக் காட்டி வரம்பு இல்லை. தாயோ தந்தையோ ஓர்க் என்றால், அந்தக் கலப்புப் பிள்ளை மதகுரு ஆனால் நான்காம் படியோடு நிற்க வேண்டும். போர்வீரன் ஆனால் பத்தாம் படி. கூலிக்கொலைகாரன் ஆனால் மட்டும் எத்தனை படியும் ஏறலாம்! மனுவின் சுவடியை விஸ்கான்சினில் யாரும் கையில் எடுத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் பாருங்கள், கை எங்கே போகிறது என்று. வேடிக்கை என்னவென்றால், ஒவ்வொரு முத்திரைக்கும் தனி மொழியே உண்டு என்றும் அந்நாளைய விதி சொன்னது. நல்லவர்களுக்கு ஒரு மொழி, தீயவர்களுக்கு வேறு மொழி! மொழிக்காக இவ்வளவு பாடுபட்ட நமக்குக்கூட இப்படி ஒன்று தோன்றவில்லை.

இந்த ஓர்க் யார் பெற்ற பிள்ளை? ஆங்கிலப் பேராசிரியர் டோல்கீன் 1954, 1955 ஆண்டுகளில் வெளியிட்ட பெருங்கதையிலிருந்து வந்தது. டோல்கீன் இனவெறியர் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் அது நேர்மையாகாது. 1938-இல் ஒரு செர்மன் பதிப்பகம் அவருடைய நூலை மொழிபெயர்க்க விரும்பி, நீர் ஆரியர்தானா என்று கேட்டு எழுதியது. ஆரியர் என்றால் இந்தோ-ஈரானிய மொழியினர் அல்லவா, என் முன்னோர் யாரும் இந்துஸ்தானி பேசியதில்லையே என்று கேலியாக அவர் பதில் வரைந்தார். தமக்கு யூத மூதாதையர் இல்லாததற்கு வருந்துவதாகவும் அதில் எழுதினார். அதே மனிதர்தான் 1958-இல் ஒரு கடிதத்தில் ஓர்க்குகளின் தோற்றத்தை விவரிக்கையில், தட்டை மூக்கு, அகன்ற வாய், சாய்ந்த கண் என்று அடுக்கி, ஐரோப்பியர் கண்ணுக்கு அழகில்லாத மங்கோலிய முகத்தைக் கீழ்மைப்படுத்தியது போல என்று எழுதினார். நல்ல மனிதரின் மைக்கூட்டிலும் காலத்தின் கசடு கலந்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அவர் கதையில் இன்னொரு காட்சியும் உண்டு. தீய அரசனுக்காகத் தெற்கிலிருந்து கறுத்த மனிதர்கள் யானையோடு போருக்கு வருகிறார்கள். நாம் நெளியத் தொடங்கும் இடம் அது. ஆனால் அந்தப் படையில் ஒருவன் செத்து விழுகையில், கதையின் தோட்டக்காரப் பையன் சாம் அவனைப் பார்த்து நிற்கிறான். இவன் பெயர் என்னவோ, ஊர் எதுவோ, உண்மையிலேயே கெட்டவன்தானா, என்ன பொய் சொல்லி இவனை இவ்வளவு தூரம் இழுத்து வந்தார்களோ, ஊரிலேயே இருந்திருக்க ஆசைப்பட்டிருப்பானோ என்று அவன் மனம் அலைகிறது. ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கும் நம்மைப் போன்றவர்கள் அந்தப் பகுதியைக் கடக்கச் சற்று நேரம் ஆகும். விளையாட்டைச் செய்தவர்கள் டோல்கீனிடமிருந்து ஓர்க்கை எடுத்துக்கொண்டார்கள். சாமின் கேள்வியை எடுத்துக்கொள்ளவில்லை.

குகைக் குழந்தைகளுக்கு வருவோம். இந்தச் சிக்கல் செம்பூரில் பிறந்ததன்று; விளையாட்டு பிறந்த நாள்தொட்டே ஆட்டக்காரர்களை உலுக்கிவரும் கேள்வி. 2005-இல் கைகாக்ஸ் ரசிகர்களின் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் சொல்லும்போது இது வந்தது. அறம் தவறாத வீரன், சரணடைந்த தீய இனத்தவரைக் கொல்லலாமா? கொல்லலாம் என்றார். மனம் திருந்தியவனைக்கூட, மறுபடி வழுக்கி விழுவதற்கு முன் கொன்றுவிடலாம் என்றார். குழந்தைகளைப் பற்றி அவர் எடுத்தாண்டது ஒரு பழைய வாக்கு: ஈர்தான் பேன் ஆகிறது.

அந்த வாக்கு யாருடையது தெரியுமா? கர்னல் ஜான் சிவிங்டன் என்பவன் பெயரோடு அமெரிக்க வரலாற்றில் ஒட்டிக்கொண்டது. ஒரு காலத்தில் மதபோதகனாக இருந்தவன். 1864 நவம்பர் 29 அன்று, கொலராடோவில் மணல் ஓடைக் கரையில் சமாதானத்தை நம்பிக் கூடாரம் அடித்திருந்த செயென், அரபஹோ மக்கள் மீது படையோடு பாய்ந்தான். மாண்டவர் நூற்றைம்பதுக்குக் குறையாது. பெரும்பாலோர் பெண்கள், முதியோர், குழந்தைகள். பிறவியிலேயே தீயவர் என்று ஓர் இனத்தைச் சொல்லிவிட்டால் குழந்தையைக் கொல்வது கணக்குக்குச் சரியாகிவிடுகிறது. என் தங்கை வீட்டுக் கூடத்தில் அந்தக் கெட்டிக்காரப் பையன் போட்டதும் அதே கணக்குத்தான். அவன் கொடியவன் அல்லன். புத்தகத்தை ஒழுங்காகப் படித்தவன்.

நம் நாட்டில் இந்தக் கணக்கு சட்டமாகவே இருந்தது. 1871-இல் வெள்ளையர் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. சில சாதிகளில் பிறந்துவிட்டால் கைரேகை பதிய வேண்டும். இரவில் காவலர் கண்காணிப்பில் படுக்க வேண்டும். எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண்ணும் அங்கே மாண்டவர்களுள் ஒருவர். நாடு முழுவதும் அந்தச் சட்டம் ஒழிந்தது 1952-இல்தான். பகடையும் புத்தகமும் இல்லாமல் அரசே ஆடிய ஆட்டம் அது.

புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த நான் ஒரு பக்கத்தில் திடுக்கிட்டு நின்றேன். ராக்ஷசன்! நம் இராமாயண அரக்கன், 1975-லேயே இந்த விளையாட்டுக்குள் வந்துவிட்டான். 1977 புத்தகத்தில் படமும் உண்டு: புலித்தலை, சீமைத்துரை அங்கி, கையில் புகைக்குழாய். மனித மாமிசம் தின்பவன். நண்பன் போல் உருமாறி வந்து ஏமாற்றுபவன். முத்திரை, ஒழுங்கான தீமை. மதகுரு ஆசி வழங்கிய அம்பு பட்டால் அந்தக் கணமே சாவான். 1974-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓடிய ஒரு மர்மத் தொடரின் சாயல் இதில் இருக்கிறது. நமக்கோ இன்னும் பழைய அம்பு ஒன்று நினைவுக்கு வருகிறது. இவற்றை முதலில் அறிந்தது இந்தியாவில், இப்போது பிற இடங்களுக்கும் பரவுகின்றன என்றும் அந்தப் புத்தகம் சொல்லிற்று. பிழைப்புக்காகப் பரவியவன் என்ற முறையில் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அன்று அந்தக் கூடத்தில் இன்னொருவனும் சிரித்துக்கொண்டே என் மருமகனைப் பார்த்து, "இந்தப் பக்கம் உனக்குத்தான், ராவணன் உங்க ஆள்தானே" என்றான். பையன் பதிலுக்குச் சிரித்தான். எனக்கு அந்தச் சிரிப்பு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

வாசக அன்பர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அரக்கர் என்று எழுதப்பட்டவர் யார், எழுதியவர் யார் என்று தமிழகம் ஒரு தலைமுறை முழுக்க வழக்காடியிருக்கிறது. புலவர் குழந்தை 1946-இல் வெளியிட்ட இராவண காவியம் 1948-இல் தடை செய்யப்பட்டு 1971-இல்தான் விடுதலை பெற்றது. அண்ணாவின் நீதிதேவன் மயக்கத்தில் இராவணன் மேல் உள்ள குற்றச்சாட்டே இரக்கம் இல்லாதவன் என்பதுதான். இரக்கமின்றி நடந்த பெரியவர்கள் பலரை வரிசையாகக் காட்டி அவன் வழக்காடுவான். இதை நினைவில் வைத்துக்கொண்டு 2016-இல் வந்த ஒரு விளையாட்டுப் புத்தகத்தைப் பாருங்கள். ஓர்க் குழந்தையை வேற்று மக்கள் எடுத்து வளர்த்தாலும் அதற்கு அன்பும் இரக்கமும் ஓரளவுக்குத்தான் வரும் என்று எழுதியிருந்தார்கள். அதே குற்றச்சாட்டு! இம்முறை வாதாட இராவணனும் இல்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்கர் எடுத்துச் சென்ற அரக்கன், நம் காப்பியத்து அரக்கனைவிட ஏழை. கம்பனில் சீதைக்கு அசோகவனத்தில் ஆறுதல் சொல்பவள் திரிசடை, அரக்கி. பாரதத்தில் பாண்டவருக்காக உயிர் கொடுத்தவன் கடோற்கசன். அரக்கி பெற்ற பிள்ளை. அவன் செத்தபோது கண்ணன் மகிழ்ந்தான் என்பதும் அதே கதையில்தான் இருக்கிறது. பயன்படும் வரைக்கும் நல்ல அரக்கன்! விபீடணனையும் எண்ணிப் பாருங்கள். அரக்கருள் நல்லவன் என்ற பெயர் பெற அவன் செய்ய வேண்டியிருந்தது என்ன? தன் மக்களை விட்டு எதிரி பாசறைக்கு நடப்பது.

இந்த விளையாட்டிலும் ஒரு விபீடணன் உண்டு. டிரௌ என்றோர் இனம். எல்ஃப் குலத்தில் தீமையால் சபிக்கப்பட்டுப் பூமிக்கடியில் விரட்டப்பட்டவர்கள். தோல் கறுப்பு, தலைமுடி வெள்ளை. நல்ல எல்ஃப்கள் வெளுப்பு, தீயவர்கள் கறுப்பு. 1978-இல் வரைந்த கோடு இது. அந்தக் குலத்தில் டிரிஸ்ட் என்றொரு நல்லவனை 1988-இல் சால்வடோர் என்ற நாவலாசிரியர் படைத்தார். பெரும் புகழ் பெற்ற பாத்திரம். நம் பிள்ளைகளும் அவனைக் கொண்டாடுகிறார்கள். அவனும் தன் ஊரை விட்டு ஓடியே நல்லவன் ஆனான். கறுப்பர் ஒருவர் நல்லவராக இருக்கலாம், தன் கூட்டத்தை உதறிவிட்டு வந்தால். இதுதான் அந்தச் சலுகையின் விலை. விதிவிலக்கு ஒன்றை மேடையேற்றிவிட்டால் விதியை யாரும் கேட்பதில்லை.

2020-இல் ஜார்ஜ் ஃபிளாய்டு கொல்லப்பட்டு அமெரிக்கத் தெருக்கள் கொதித்தபோது இந்தப் புத்தகங்கள் மீதும் கண் விழுந்தது. இப்போதைய உரிமையாளர் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் என்ற கம்பெனி. பொம்மை வியாபாரி ஹாஸ்ப்ரோவின் கைக்குள் இருப்பது. ஓர்க்கும் டிரௌவும் மற்ற மக்களைப் போலவே நல்லதும் கெட்டதும் கலந்தவர்களாக இனிச் சித்திரிக்கப்படுவார்கள் என்று அவ்வாண்டு ஜூனில் அறிவித்தார்கள். இரக்கம் பற்றிய அந்த வரிகளை 2021-இல் நீக்கினார்கள். 2024 கையேட்டில் ஓர்க் ஆட்டக்காரர்களின் வரிசையிலேயே வந்துவிட்டான். 2025-இல் வந்த பிராணிகள் புத்தகத்தில் அவனுக்குத் தனிப் பக்கம் இல்லை. இடையில் 2022-இல் வெள்ளையரல்லாத எழுத்தாளர்களைக் கொண்டே ஒரு கதைத் தொகுதி வெளியிட்டார்கள். அதில் வங்கத்துத் தலித் எழுத்தாளர் மிமி மண்டலின் கதையும் உண்டு. நல்ல காரியங்கள்தாம். வியாபாரத்துக்காகச் செய்தார்கள் என்றால் செய்துவிட்டுப் போகட்டும். கோயில் நுழைவையும் சிலர் வாக்குக்காகத்தான் ஆதரித்தார்கள்.

எனக்கு ஒப்பாத இரண்டு உண்டு. 'ரேஸ்' என்ற சொல் கூடாது என்று 2022-இல் முடிவு செய்து, அதற்குப் பதில் 'ஸ்பீசிஸ்' என்று போட்டார்கள். முன்னது மனிதருக்குள் பிரிவு என்றாவது பொருள்படும். பின்னது ஆடு வேறு, மாடு வேறு என்பதுபோல் பிரிப்பது. வடுவை மறைக்கப் போய் வேலியை உயர்த்தினார்கள். இரண்டாவது, நம் அரக்கன். ஓர்க்குக்கு விடுதலை கொடுத்த 2025 புத்தகத்தில் ராக்ஷசன் அதே ஒழுங்கான தீமை முத்திரையோடு பேய்ப் பிறவிகளின் வரிசையிலேயே நிற்கிறான். அவன் இனம் அல்ல, தீமையே உருவான ஆவி என்பார்கள். திரிசடை ஆவியா? கும்பகருணனுக்காகத் தமிழன் விட்ட கண்ணீர் ஆவிக்கு விட்டதா? அந்தக் கம்பெனியில் யாருக்கும் இதைக் கேட்கத் தோன்றவில்லை. கேட்கவேண்டியவர்கள் நாம்.

"எதிரி இல்லாமல் கதை ஏது மாமா? யாரைத்தான் அடிப்பது?" என்று அந்தக் கெட்டிக்காரப் பையன் கேட்டான். நியாயமான கேள்வி. அடிமை வியாபாரியை அடி. ஊரைக் கொள்ளையடித்தவனை அடி. தண்ணீரை மறித்தவனை, வயலைப் பிடுங்கிய பிரபுவை அடி. அவன் மனிதனானாலும் எல்ஃபானாலும் ஓர்க்கானாலும் சரி. செயலுக்கு எதிரி போதாதா? குகைக் காவலன் அம்பு விட்டான், நீ திருப்பி விட்டாய், அது போர். பின்னாலிருந்த குழந்தை என்ன செய்தது? அவனிடம் பதில் இல்லை. புத்தகத்தில் இருக்கிறது என்று மட்டும் திரும்பச் சொன்னான்.

இங்கே நான் நிறுத்தியிருந்தால் கைதட்டு கிடைக்கும். ஆனால் போன செயற்குழுக் கூட்டம் நினைவுக்கு வருகிறது. 1966-க்குப் பிறகு இந்த நகரில் லுங்கிக்காரனை விரட்டு என்று முழங்கியதை நம் பெரியவர்கள் நேரில் பார்த்தவர்கள். உடைந்த கடைக் கண்ணாடியைக் கையால் பொறுக்கியவர்கள். எல்லா மதராஸியும் ஒன்று என்ற முத்திரை அவர்கள் முதுகில் குத்தப்பட்டது. 2008-இல் அதே முத்திரை பீகாரி, உத்தரப் பிரதேசத்துக்காரர்கள் முதுகுக்கு மாறியது. அப்படி இருக்க, சங்கக் கட்டடத்துக்குக் காவலாள் வைப்பது பற்றிப் பேச்சு வந்தபோது நம்மவர் ஒருவரே, "பையா மட்டும் வேண்டாம், அவனுங்க பிறவியே அப்படி" என்றார். பெயர் வேண்டாம். மறுத்துப் பேசியவர்கள் இருவர். நானும் அன்று வாய் திறக்கவில்லை. இராவணனுக்காக நாற்பது ஆண்டு மேடையில் முழங்கிய குழு அது! பட்டியலைத் தலைகீழாகத் திருப்பி, நாம் மேலே போய், வேறொருவனைக் கீழே எழுதுவதற்காகவா அந்த வழக்கை நடத்தினோம்?

போன ஞாயிறு மறுபடியும் செம்பூர் போனேன். சந்தாவெல்லாம் இல்லை, வேடிக்கை பார்க்கத்தான். கதை அதே குகையில் நின்றிருந்தது. என் மருமகன் வாளைத் தரையில் வைத்துவிட்டுக் கிழவியிடம் பேசப் போவதாகச் சொன்னான். "உங்க பேர் என்ன?" என்று கேட்டான். கதை நடத்தும் பெண் புத்தகத்தைப் புரட்டினாள். கிழவிக்கு உயிர் எவ்வளவு, கவசம் எவ்வளவு என்று எண்கள் இருந்தன, பெயர் இல்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தன் ஆஜியின் பெயரைச் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். கெட்டிக்காரப் பையன் மட்டும் பகடையைக் கையில் வைத்து உருட்டாமல் உட்கார்ந்திருந்தான். அவன் முறை அடுத்தது.